அரசவாயிலில் நின்ற பேரரசர்: ஆறாம் லியோவைத் தடுத்தது யார்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நேற்று சிலுவைப் போர்கள் பற்றிய உரையாடலின் நடுவே வடதிசை என்ற அன்பர் ஒரே ஒரு வரியை எழுதிவிட்டுப் போனார்: “பைசாந்தியத்தில் திருச்சபை பேரரசரின் அஞ்சறைப்பெட்டி; வேண்டும்போது திறப்பார், வேண்டியதை எடுப்பார், மூடி வைப்பார்.” பலரும் அந்த வரியை மெச்சி வழிமொழிந்திருப்பதைப் பார்த்த பிறகு என்னால் வாளாவிருக்க முடியவில்லை. கான்ஸ்டாண்டினோபிளைத் தலைநகராகக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த கிழக்கு உரோமைப் பேரரசின் சமய வாழ்வைச் சமையலறைப் பெட்டிக்குள் அடக்கிவிட்டதாக எண்ணுகிறவர்கள், 906ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று கான்ஸ்டாண்டினோபிளின் ஹாகியா சோபியா பேராலயத்தில் என்ன நடந்தது என்பதை ஒருமுறையேனும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேரரசர் ஆறாம் லியோ மூன்று மனைவியரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர், ஆண்வாரிசும் தங்கவில்லை. கிழக்குத் திருச்சபை இரண்டாம் மணத்தையே தயக்கத்தோடுதான் ஏற்றது. மூன்றாவதைக் கறையாகக் கருதியது. நான்காவதற்கு இடமே தரவில்லை. மூன்றாம் மணத்தைக் கண்டித்துச் சட்டம் எழுதியவரே இந்த லியோதான். 905இல் சோயி கார்போனோப்சினா அவருக்கு ஓர் ஆண்மகவைப் பெற்றுத் தந்தார். தாய் அரண்மனையை விட்டு நீங்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில், கான்ஸ்டாண்டினோபிள் திருச்சபையின் தலைவரான மறைமுதுவர் நிக்கோலாஸ் 906 ஜனவரி 6 அன்று குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தார். மூன்றே நாளில் சோயி அரண்மனைக்குத் திரும்பினார். தோமா என்ற குரு இருவருக்கும் மணம் முடித்து வைத்தார்.

அதே ஆண்டின் கிறிஸ்து பிறப்பு நாளில் லியோ செனட்டர்கள் சூழ அரசவாயிலுக்கு வந்தார். முன்மண்டபத்திலிருந்து நடுக்கூடத்துக்குள் செல்லும் ஒன்பது கதவுகளில் நடுவில் நிற்கும் பெரிய கதவு அது. பேரரசர் மணிமுடியைத் திரைக்குப் பின்னால் கழற்றி வைத்துவிட்டு, கையில் மெழுகுவத்தியோடு மும்முறை வணங்கி, மறைமுதுவரோடு சேர்ந்து கடக்க வேண்டிய வாசல். அங்கேதான் நிக்கோலாஸ் அவரை நிறுத்தினார். வலுவில் நுழைந்தால் தாமும் தம்மோடு இருப்பவர்களும் அந்த நொடியே வெளியேறிவிடுவோம் என்றார். படைகள் அனைத்துக்கும் தலைவராகிய அந்த மனிதர் தரை நனையும்படி அழுதார். பதில் பேசாமல் திரும்பினார். பன்னிரண்டு நாள் கழித்துத் திருக்காட்சி விழாவில் மீண்டும் வந்தார், மீண்டும் தடுக்கப்பட்டார். அஞ்சறைப்பெட்டி தன் முதலாளியை இப்படித் தடுத்து நிறுத்துமா என்பதை வடதிசை எனக்கு விளக்கட்டும்.

வடதிசை எழுதியது:

விளக்குகிறேன். கதையைப் பாதியில் நிறுத்துவது ஏட்டுச்சுவடி அவர்களின் பழைய வழக்கம். சென்ற ஆண்டு திருவுருவ உடைப்பு பற்றிய விவாதத்திலும் திருவுருவ வணக்கத்தை மீட்ட 787ஆம் ஆண்டு நைசியா ஆயர் சங்கத்தோடு நிறுத்திக்கொண்டு, 815இல் அது மீண்டும் தடைசெய்யப்பட்டதைச் சொல்லாமலே விட்டார். நான் எடுத்துக்காட்டிய பிறகும் ஒப்புக்கொள்ளவில்லை.

டிசம்பர் 25 அன்று லியோ திரும்பிப் போனது எங்கே? அரண்மனைக்கா? இல்லை. வலப்பக்க வழியாகப் பேராலயத்துக்குள்ளேயே சென்று, மெட்டாட்டோரியம் என்ற தம்முடைய தனியறையில் இருந்தார். அந்த வழியைக் காட்டியவரே நிக்கோலாஸ்தான். ஆக, பேரரசரைத் திருச்சபை தடுக்கவில்லை. வேறு கதவைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டது. ஒன்பது கதவுகளில் ஒன்று மூடியிருந்ததை வைத்துக்கொண்டு ஒரு பேரரசின் அரசியலமைப்பையே எழுதுவது நியாயமா?

அடுத்து பிப்ரவரி மாதத்துக்கு வாருங்கள். 907 பிப்ரவரி தொடக்கத்தில் பேட்ரியார்க் நிக்கோலாஸ் விருந்துக்கு அழைக்கப்பட்டார். விருந்திலிருந்து நேரே படகில் ஏற்றி நீரிணைக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். பதவி விலகல் கடிதத்தையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவருடைய இடத்தில் லியோவின் ஆன்மிகத் தந்தையான எவுதிமியோஸ் என்ற துறவி அமர்த்தப்பட்டார். உரோமைத் திருத்தந்தையின் தூதர்கள் வந்து மணத்துக்கு இசைவு தந்தார்கள். 908இல் நான்காம் மணத்தின் மகனுக்கு இணைப்பேரரசராக முடிசூட்டப்பட்டது. ஜனவரியில் கதவை மூடியவர் பிப்ரவரியில் படகில் இருக்கிறார். அஞ்சறைப்பெட்டி என்று நான் சொன்னதில் என்ன பிழை?

ஏட்டுச்சுவடி எழுதியது:

வலப்பக்க வழி என்று சொல்லிவிட்டால் என் வாதம் விழுந்துவிடும் என்று வடதிசை எண்ணுகிறார். அந்த வலப்பக்க வழிதான் என் வாதமே. மணமகனை முன்வாசலில் நிறுத்தி, ‘கொல்லைப்புறமாக வந்து ஓரத்து அறையில் உட்காருங்கள், மேளம் வேண்டாம், ஊர்வலம் வேண்டாம், மணமேடைப் பக்கம் வர வேண்டாம்’ என்று சொன்னால், அதை ‘வேறு கதவைப் பயன்படுத்தக் கேட்டுக்கொண்டார்கள்’ என்று எந்தச் சம்பந்தியாவது எடுத்துக்கொள்வாரா?

பைசாந்தியப் பேரரசர் பேராலயத்துக்கு வருவது தனிமனிதர் ஒருவர் வேண்டுதலுக்கு வருவது அன்று. அரசவாயிலைக் கடப்பதும், பலிபீடத்தின் விரிப்பை முத்தமிடுவதும், பொன்முடிப்பைப் பீடத்தின் மீது வைப்பதும் சேர்ந்துதான் அவர் கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதை நகரத்தின் கண்முன் காட்டின. 691–692ஆம் ஆண்டு நடந்த திருல்லோ ஆயர் சங்கத்தின் 69ஆம் விதி, குருக்கள் அல்லாத பொதுநிலையினர் எவரும் பலிபீடத் திருவிடத்துக்குள் நுழையக் கூடாது என்று தடை போட்டுவிட்டு, காணிக்கை செலுத்த வரும் பேரரசருக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. நிக்கோலாஸ் மூடியது அந்த விலக்கை. பேரரசரைப் பொதுநிலையினரில் ஒருவராக, அவர்களிலும் தண்டனைக்குரிய ஒருவராக, ஊர் பார்க்க ஓரமாக அனுப்பினார். இந்தச் சடங்குகளை எல்லாம் நூலாகத் தொகுக்கச் செய்தவர் யார் தெரியுமா? அந்த நான்காம் மணத்தில் பிறந்த மகன், ஏழாம் கான்ஸ்டன்டைன். எந்தக் கதவை எப்போது எப்படிக் கடக்க வேண்டும் என்பதை அத்தனை நுணுக்கமாக எழுதிவைக்க அவருக்குத் தனிப்பட்ட காரணம் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

787, 815 பற்றி: அந்த விவாதத்தில் நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம், ஒப்புக்கொள்ள ஒன்றும் இல்லாததுதான். 843இல் பேரரசி தியோடோராவின் காலத்தில் திருவுருவங்கள் நிலையாகத் திரும்பின. இடையில் 815இல் என்ன நடந்தாலும் இறுதியில் நின்றது எது என்பதே என் கேள்வியாக இருந்தது.

மெழுகுவத்தி எழுதியது:

இருவரும் நிக்கோலாஸை நடுவில் நிறுத்திக்கொண்டு வாதாடுகிறீர்கள். ஒருவருக்கு அவர் வீரர், மற்றவருக்கு அவர் பலியாடு. எவுதிமியோஸின் வாழ்க்கை வரலாற்றை வாசித்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். அந்த நூலின்படி, லியோவை ஏற்றுக்கொள்ள ஒரு கட்டத்தில் நிக்கோலாஸே இணங்கினார், விருந்தில் சேர்ந்து உண்டார், வாக்கும் கொடுத்தார். பிறகு, கிளர்ச்சி செய்துகொண்டிருந்த தளபதி ஆந்திரோனிகோஸ் தூக்காஸுக்கு நிக்கோலாஸ் எழுதிய கடிதம் பேரரசரின் கைக்கு வந்துவிட்டது. அதன் பிறகுதான் அவருக்குத் திருச்சபை விதிகளின் மேல் திடீரென்று அவ்வளவு பற்று வந்தது. கதவை மூடியது அறமன்று, அச்சம்.

உண்மையான மனச்சான்று எவுதிமியோஸிடம் இருந்தது. அவர் லியோவைத் தவம் செய்பவராகவே ஏற்றார். மணம் முடித்துவைத்த தோமாவின் குருப்பட்டத்தைப் பறித்தார். சோயியைப் பேரரசி என்று ஆலயத்தில் அறிவிக்க மறுத்தார். அந்த அம்மையார் எவ்வளவோ வற்புறுத்தியும் இணங்கவில்லை. கதவு எதையும் மூடாமலேயே திருச்சபையின் எல்லை எது என்பதைக் காட்டியவர் அவர்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மெழுகுவத்தி அவர்கள் மதிப்புக்குரியவர். ஆனாலும் அந்த நூலை எழுதியவர் எவுதிமியோஸின் பக்கம் நின்ற துறவி என்பதைச் சொல்லாமல் விட்டது சரியன்று. எவுதிமியோஸைத் தூக்கிப் பிடிப்பதும் நிக்கோலாஸைக் கீழே தள்ளுவதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். தூக்காஸுக்கு எழுதிய கடிதக் கதையை அந்த எடைக்கல்லில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

வடதிசை எழுதியது:

நன்று. அப்படியானால் அந்தக் கதவுக் கதையையும் அதே எடைக்கல்லில் வையுங்கள். பேரரசர் வந்தது, நிக்கோலாஸ் தடுத்தது, தரை நனைய அழுதது, இவையெல்லாம் எந்த நூலில் இருக்கின்றன? அதே எவுதிமியோஸ் வரலாற்றில்தான். தொடக்கம் சிதைந்துபோன ஒரே ஒரு கைப்பிரதியைக் கொண்டு 1888இல் அச்சேறிய நூல் அது. உங்களுக்கு வேண்டிய பக்கம் மட்டும் உண்மை, வேண்டாத பக்கம் கட்சிக்காரரின் புனைவு என்றால், அது வரலாறு அன்று, வழக்கறிஞர் தொழில்.

இன்னொன்றும் சொல்கிறேன். மிலான் ஆயர் அம்புரோஸ், பேரரசர் தியோடோசியஸைக் கோவில் வாசலிலேயே நிறுத்திவைத்ததாக ஐந்தாம் நூற்றாண்டில் தியோடோரெட் எழுதிய காட்சி எல்லாத் துறவிகளுக்கும் மனப்பாடம். 390இல் நடந்தது உண்மையில் கடிதம் மூலமான கண்டிப்பும், பிறகு செய்த தவமும்தான்; வாசற்காட்சி பின்னால் வளர்ந்தது. வாசலில் அழும் பேரரசர் என்பது திருச்சபை எழுத்தாளர்களுக்கு மிகவும் பிடித்த படம். அந்தப் படத்தை எடுத்து மாட்டிக்கொண்டு ஏட்டுச்சுவடி பெருமைப்படுகிறார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

எதிர்க்கட்சிச் சாட்சியின் வாயிலிருந்து வரும் ஒப்புதலுக்கு எந்த ஊர் மன்றத்திலும் எடை கூடுதல் என்பது வடதிசைக்குத் தெரியாதது வியப்பாக இருக்கிறது. எவுதிமியோஸின் ஆளுக்கு நிக்கோலாஸைப் பெருமைப்படுத்த எந்தத் தேவையும் இல்லை. அப்படிப்பட்டவரே, கதவு மூடப்பட்டது, பேரரசர் அழுதார், திரும்பினார் என்று எழுதுகிறார் என்றால், நகரம் முழுவதும் அறிந்த அந்த நிகழ்ச்சியை அவரால் மறைக்க முடியவில்லை என்பதே பொருள். கடிதக் கதை எழுதியவரின் கட்சிக்குச் சாதகமானது. கதவுக் கதை அந்தக் கட்சிக்குப் பாதகமானது. இரண்டுக்கும் ஒரே மதிப்பு எப்படி வரும்? தவிர, நிக்கோலாஸ் பின்னர் உரோமைத் திருத்தந்தைக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் நான்காம் மணத்தை எதிர்த்து நின்றதையும் அதற்காகத் துரத்தப்பட்டதையும் தாமே சொல்கிறார்.

கதவு மூடப்பட்டது. மூடப்பட்ட கதவின் முன் பேரரசர் நின்றார். வாளை உருவி உள்ளே போகவில்லை. இதற்கு வடதிசை இன்னும் பதில் தரவில்லை.

நீலக்கல் எழுதியது:

எழுத்துச் சான்றை விடுங்கள், கல்லே பேசுகிறது. அதே அரசவாயிலின் மேல், முன்மண்டபத்தில், ஒரு மொசைக் ஓவியம் இன்றும் இருக்கிறது. 1930களில் பூச்சை அகற்றி வெளிக்கொண்டு வந்தார்கள். அரியணையில் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார், அவர் கையிலுள்ள நூலில் ‘உங்களுக்கு அமைதி, உலகின் ஒளி நானே’ என்ற பொருள்படும் கிரேக்கச் சொற்கள். அவர் காலடியில், இடப்புறமாக, ஒரு பேரரசர் முழந்தாளிட்டு முதுகு வளைந்து, இரு கைகளையும் ஏந்தி, கிட்டத்தட்ட தரையோடு தரையாகக் கிடக்கிறார். மணிமுடியும் ஒளிவட்டமும் தலையில் இருக்கின்றன, முகத்தில் தாடி, உடம்பு முழுவதும் கெஞ்சுகிறது. மேலே ஒரு வட்டத்தில் அன்னை மரியா, மறு வட்டத்தில் வானதூதர். அது ஆறாம் லியோ. தடுக்கப்பட்ட அதே வாசலின் மேல் அவருடைய தவத்தைப் பதித்திருக்கிறார்கள். பின்னால் வந்த ஒவ்வொரு பேரரசரும் அந்த உருவத்துக்குக் கீழேதான் தலைகுனிந்து உள்ளே போனார்.

வடதிசை எழுதியது:

அந்த உருவத்தின் பக்கத்தில் பெயர் எழுதியிருக்கிறதா, நீலக்கல்? எழுதவில்லை. அதே பேராலயத்தின் மாடத்தில் பதினோராம் நூற்றாண்டின் வேறொரு பேரரசி சோயிக்கும் கான்ஸ்டன்டைன் மொனோமாகோஸுக்கும் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கிறது. இங்கே இல்லை. லியோ என்பவர்கள் உண்டு. முதலாம் பசில் என்பவர்களும் உண்டு. குறிப்பிட்ட எவரும் அல்லர், பேரரசர் என்ற பதவியே கடவுளை வணங்குகிறது என்பவர்களும் உண்டு. ‘அது ஆறாம் லியோ’ என்று முற்றுப்புள்ளி வைக்க உங்களுக்கு என்ன உரிமை? லியோவாகவே இருந்தாலும், அவர் கிறிஸ்துவின் காலில் விழுகிறார். பேட்ரியார்க்கின் காலில் அன்று. நடுவில் எந்த ஆயரும் இல்லை. பேரரசருக்கும் கடவுளுக்கும் இடையே தரகர் தேவையில்லை என்று அந்த ஓவியம் சொல்வதாக நான் வாசிக்கிறேன்.

நீலக்கல் எழுதியது:

நான் அந்த முன்மண்டபத்தில் கழுத்து வலிக்க நின்று பார்த்தவன். படத்தைப் பார்த்தவருக்கும் இடத்தில் நின்றவருக்கும் வேறுபாடு உண்டு. பெயர் இல்லாததே என் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. தவம் செய்கிறவர் தம் பெயரை விளம்பரப்படுத்திக்கொள்வாரா?

வடதிசை எழுதியது:

பெயர் இருந்தால் சான்று, இல்லாவிட்டாலும் சான்று. இப்படிப்பட்டவர்களிடம் வாதிட்டுப் பயன் இல்லை. கழுத்து வலியையும் சான்றுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லாய்வு எழுதியது:

ஒரு திருத்தம். ‘மறைமுதுவர்’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘பேட்ரியார்க்’ என்று மற்றவர் எழுதுகிறார். தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் ‘முதுபெரும் தந்தை’ என்பதே பெரிதும் வழங்குகிறது. தவிர, ‘பைசாந்தியம்’ என்ற பெயரே அந்த மக்கள் தங்கள் நாட்டுக்கு இட்டுக்கொண்டதன்று. அவர்கள் தங்களை உரோமானியர் என்றே அழைத்துக்கொண்டார்கள். பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் கதவைப் பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

‘பாத்திரியார்க்கேஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் குலத்தந்தைப் பொருளும் தலைமைப் பொருளும் ‘மறைமுதுவர்’ என்ற ஒரே சொல்லில் நிற்கின்றன. ‘முதுபெரும் தந்தை’ என்பதை நான் மதிக்கிறேன், மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ‘பேட்ரியார்க்’ என்று எழுதுகிறவர், அந்தப் பதவியைக் காலாண்டுக்கு ஒருமுறை மாற்றப்படும் மேலாளர் பதவி போலக் கருதுவதால்தான் அப்படி எழுதுகிறார் என்பது என் ஐயம்.

வடதிசை எழுதியது:

மேலாளர் என்ற சொல்லை நீங்களே எடுத்துத் தந்ததற்கு நன்றி, கணக்குப் பார்ப்போம். உங்கள் லியோ அரியணை ஏறிய 886ஆம் ஆண்டிலேயே அக்காலத்தின் மாபெரும் அறிஞரான ஃபோட்டியோஸைப் பேட்ரியார்க் பதவியிலிருந்து இறக்கினார். அந்த இடத்தில் அமர்த்தியது யாரை? இருபது வயதுகூட நிரம்பாத தம் தம்பி ஸ்தேபானை. அதற்குப் பேராலயத்தின் எந்தக் கதவும் மூடப்படவில்லை. நிக்கோலாஸ் மட்டும் எங்கிருந்து வந்தார்? ‘மிஸ்திகோஸ்’ என்ற அவருடைய அடைமொழிக்கே பேரரசரின் அந்தரங்கச் செயலர் என்று பொருள். செயலரைப் பேட்ரியார்க் ஆக்கியவர், சொன்னபடி கேட்கவில்லை என்றதும் அனுப்பிவைத்தார்.

தேர்வு முறையையும் பாருங்கள். ஆயர் மன்றம் மூன்று பெயர்களைப் பேரரசரிடம் தரும். அவர் ஒருவரைத் தேர்வார். பிடிக்காவிட்டால் நான்காவதாகத் தாமே ஒருவரைச் சொல்வார். அனைவரும் தகுதி உடையவர் என்று வழிமொழிவார்கள். கடவுளின் அருளும் அதிலிருந்து பிறந்த தம் அரசாட்சியும் இவரைப் பேட்ரியார்க் ஆக்குகின்றன என்று பேரரசரின் வாயாலேயே அறிவிப்பு வரும். 730இல் பேரரசர் மூன்றாம் லியோ பேட்ரியார்க் ஜெர்மானோஸை விலகச் செய்தார். 754இல் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் 338 ஆயர்களைக் கூட்டித் திருவுருவங்களைக் கண்டிக்க வைத்தார். 1058இல், உரோமையோடு மோதிய பேட்ரியார்க் மிக்கேல் கெருலாரியோஸைப் பேரரசர் ஐசக் கொம்னேனோஸ் கைது செய்து கொண்டுபோனார். விசாரணைக்கு முன்பே அவர் இறந்தார். 1393இல், பேரரசு ஒரு நகரமும் சில துண்டு நிலங்களுமாகச் சுருங்கிக் கிடந்த காலத்தில்கூட, பேட்ரியார்க் நான்காம் அந்தோணி மாஸ்கோ இளவரசருக்கு எழுதுகிறார்: பேரரசர் இல்லாமல் கிறிஸ்தவர்களுக்குத் திருச்சபை மட்டும் இருக்க முடியாது என்று. இது திருச்சபையின் தலைவரே எழுதித் தந்த சான்று. உங்களிடம் இருப்பது ஒரு கதவு.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பட்டியல் நீளமாக இருக்கிறது. நீளத்தைப் பார்த்து மலைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

754ஆம் ஆண்டுச் சங்கத்தில் எந்த மறைமுதுவரும் தலைமை வகிக்கவில்லை. உரோமை, அலெக்ஸாந்திரியா, அந்தியோக்கியா, எருசலேம் எதுவும் வரவில்லை. அதனால்தான் அதைப் பொதுச்சங்கம் அன்று என்று 787இல் தள்ளினார்கள். பேரரசர் 338 ஆயர்களைக் கூட்ட முடிந்தது. கூட்டியதை நிலைக்க வைக்க முடியவில்லை. 969ஐ ஏன் விட்டீர்கள்? பேரரசர் நிகேபோரோஸ் போக்காஸைக் கொன்றுவிட்டு முடிசூட வந்த யோவான் திசிமிஸ்கேஸை மறைமுதுவர் பாலியுக்தோஸ் தடுத்து நிறுத்தினார். பேரரசி தியோபானோவை வெளியேற்று, கொலையாளிகளைத் தண்டி, திருச்சபைக்கு எதிரான ஆணைகளைத் திரும்பப் பெறு என்றார். ஒவ்வொன்றையும் செய்த பிறகே முடி சூட்டினார். போரில் இறந்த வீரர்களை மறைசாட்சிகளாக அறிவிக்கும்படி போக்காஸ் கேட்டபோது மறுத்தவரும் இதே பாலியுக்தோஸ்தான். போரில் கொன்றவர்கள் மூன்றாண்டு நற்கருணையிலிருந்து விலகியிருப்பது நன்று என்ற பேராயர் பசிலின் விதியை எடுத்துக் காட்டினார்கள். பெருவெற்றிகளைக் குவித்துக்கொண்டிருந்த படைத்தலைவருக்குச் சொன்ன பதில் அது.

1261க்கு வாருங்கள். பேரரசர் எட்டாம் மிக்கேல், அரியணைக்கு உரிய சிறுவனான நான்காம் யோவானின் கண்களைக் குருடாக்கினார். மறைமுதுவர் அர்செனியோஸ் அவரைச் சபைநீக்கம் செய்தார். மிக்கேல் அர்செனியோஸை 1265இல் நீக்கினார். உங்கள் கணக்குப்படி அதோடு முடிந்திருக்க வேண்டும், இல்லையா? முடியவில்லை. 1267 பிப்ரவரியில் ஆயர்கள் முன்னிலையில் தரையில் விழுந்து, தம் பாவத்தைச் சொல்லி, மறைமுதுவர் யோசேப்பும் ஒவ்வோர் ஆயரும் மன்னிப்பு வாசிக்கக் கேட்ட பிறகுதான் அவரால் எழ முடிந்தது. அர்செனியோஸின் ஆதரவாளர்கள் அதையும் ஏற்கவில்லை. 1310 வரை அந்தப் பிளவு ஆறவில்லை. தம் ஆணைக்குக் கட்டுப்படும் பெட்டி என்றால் அந்தப் பேரரசர் ஏன் இத்தனை பாடுபட்டார்?

இனி நிக்கோலாஸ். படகு, படகு என்று சொல்கிறீர்கள். அந்தப் படகில் ஏறியவர் 912இல் லியோவின் தம்பி அலெக்ஸாண்டரின் ஆட்சியில் திரும்பி வந்தார். 913இல் சிறுவன் கான்ஸ்டன்டைனின் பெயரால் ஆண்ட குழுவுக்கே தலைமை ஏற்றார். 920 ஜூலை 9 அன்று ஒற்றுமை ஏடு என்ற திருச்சபை ஆணை வெளியானது: நான்காம் மணம் எக்காலத்துக்கும் எவருக்கும் தடை, மூன்றாம் மணத்துக்கே வயதும் தவமும் நிபந்தனை. லியோ மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய மகன் அரியணையில் அமர்ந்திருக்க, அந்த மகனைப் பெற்ற மணத்தையே திருச்சபை தள்ளிவைத்தது. மனிதரை அப்புறப்படுத்தப் பேரரசரால் முடிந்தது. விதியை அப்புறப்படுத்த முடியவில்லை. 906இல் மூடிய கதவு 920இல் பூட்டப்பட்டது.

மெழுகுவத்தி எழுதியது:

912இல் நிக்கோலாஸ் திரும்பி வந்தபோது நடந்ததையும் சொல்லுங்கள், ஏட்டுச்சுவடி அவர்களே. மக்னவுரா மண்டபத்தில், முதியவரான எவுதிமியோஸின் திருவுடைகளை உரித்தார்கள். தாடியைப் பற்றி இழுத்தார்கள். பல் தெறிக்க அடித்தார்கள். அடித்தவர்கள் பேரரசரின் படைவீரர்கள் மட்டும் அல்லர், நிக்கோலாஸின் குருக்களும்தான். உங்கள் விதி இந்தக் கைகளின் வழியாகத்தான் வென்றது. இதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. உங்களால் எப்படித் தாண்டிப் போக முடிகிறது என்று தெரியவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தாண்டிப் போகவில்லை. அது வெட்கக்கேடு. ஆனால் இங்கே வினா நிக்கோலாஸின் குணம் அன்று. கதவு யாருடையது என்பதே வினா.

வடதிசை எழுதியது:

வினாவை நீங்கள் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்கிறீர்கள். இப்போது 920. அந்த ஏட்டை வெளியிடச் செய்த சூழல் என்ன? கடற்படைத் தலைவர் ரோமானோஸ் லெகாபேனோஸ் 919இல் அரண்மனைக்குள் புகுந்தார். தம் மகள் எலெனாவைச் சிறுவன் கான்ஸ்டன்டைனுக்கு மணமுடித்தார். 920 முடிவதற்குள் தாமே பேரரசரானார். அரியணைக்கு உரிய சிறுவனின் பிறப்பில் ஒரு கறை இருப்பதாக ஊரறிய வாசிக்கப்படுவது யாருக்கு ஆதாயம்? ரோமானோஸுக்கு. நீங்கள் திருச்சபையின் வெற்றி என்று கொண்டாடும் ஏடு, அடுத்த பேரரசரின் ஏணி. ஒருவருக்குக் கதவை மூடிய அதே திருச்சபை அடுத்தவருக்கு அதைத் திறந்துவிட்டது.

அந்தக் கதவு பேரரசர்களுடையதுதான். எந்தப் பேரரசர் என்பது மட்டுமே மாறியது.

நீலக்கல் எழுதியது:

ஓவியத்தில் பெயர் இல்லாதது பற்றி நான் சொன்னதற்கு இன்னும் யாரும் நேர்மையாகப் பதில் தரவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ரோமானோஸுக்கு ஆதாயம் இருந்தது என்பதால் விதி பொய்யாகிவிடாது. மழை பெய்தால் உழவனுக்கு ஆதாயம். அதனால் மழையை உழவன் பெய்வித்தான் என்று யாரும் சொல்வதில்லை. நான்காம் மணத்துக்கான தடை பேராயர் பசிலின் காலத்திலிருந்து, நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ரோமானோஸ் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தது.

வடதிசை எத்தனை நூற்றாண்டுகளுக்கு அழைத்துப் போனாலும் நான் அந்த முன்மண்டபத்துக்கே திரும்பி வருவேன். செனட்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பேரரசர் நடுக்கதவின் முன் நிற்கிறார். அவரைச் சுற்றிக் காவலர்கள் இருக்கிறார்கள். எதிரே வெறுங்கையோடு ஒரு மனிதர். பேரரசர் உள்ளே போகவில்லை.

வடதிசை எழுதியது:

வலப்பக்கமாகப் போனார்.